லண்டன் மோன் நூலகத்தை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா?

சான்சரி லேனில் இருக்கும் கிங்ஸ் கல்லூரி நூலகத்தைத்தான் கேட்கிறேன். முன்பு பிரிட்டிஷ் அரசின் ஆவணக் காப்பகமாக இருந்த கட்டடம். மாணவர் அல்லாதவரை உள்ளே விடுவார்களா? இலங்கை, சென்னை பற்றிய பழைய கோப்புகளையும் அங்கேயே பார்க்கலாமா?

பதில் 1
கோப்பு எதுவும் அங்கே இல்லை. இதை நம்பிப் போய் ஏமாறுவோர் உண்டு. காப்பகம் 1990-களிலேயே முழுவதுமாக லண்டனின் கியூ (Kew) பகுதிக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அங்கே சிஓ 54 என்ற குடியேற்ற அலுவலகக் கோப்பு வரிசையைக் கேளுங்கள். மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். கட்டணம் இல்லை, அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள். சென்னை மாகாணக் கோப்புகள் கியூவிலும் கிடைக்காது. அவை இந்திய நிர்வாகத்தைக் கவனித்த பிரிட்டிஷ் அரசுத் துறையான இந்தியா ஆபீஸின் ஆவணங்களோடு செயின்ட் பாங்க்ராஸ் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

பதில் 2
வாசலில் அட்டை தேய்த்தால்தான் கதவு திறக்கும். வேறு பிரிட்டிஷ் பல்கலைக்கழக மாணவர் என்றால் பல்கலை நூலகங்கள் ஒன்றின் மாணவரை மற்றொன்று அனுமதிக்கும் திட்டமான ஸ்கோனல் அக்சஸில் முதலிலேயே விண்ணப்பித்து, ஒப்புதல் மின்னஞ்சலையும் சொந்தப் பல்கலை அட்டையையும் காட்ட வேண்டும். மற்றவர்கள், கட்டடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் செப்டம்பர் ஓப்பன் ஹவுஸ் விழாவின் பட்டியலில் அந்த ஆண்டு இந்தக் கட்டடம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

உள்ளே போனால் அறைகளைக் கவனியுங்கள். கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் பென்னிதார்ன் 1851-இல் கட்டத் தொடங்கியபோது பெரிய பயம் தீதான். அதனால் மரத்தைத் தவிர்த்து இரும்பும் செங்கல்லும், அலமாரித் தட்டுகள்கூடக் கற்பலகை. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவாதபடி சின்னச் சின்ன அறைகள், இரும்புக் கதவுகள். இன்றைய தொல்லையும் இதுதான்: ஒரே மாதிரியான தாழ்வாரங்கள், ஒரு துறையின் புத்தக வரிசை பாதியில் நின்று அடுத்த அறையில் தொடரும். புத்தகத்தின் அழைப்பெண்ணோடு (அலமாரியில் அதன் இடத்தைக் காட்டும் எண்) மாடியையும் அறையையும் குறித்துக்கொள்ளாமல் கிளம்பினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். வட்ட வாசிப்பறை மட்டும் வேறு உலகம். மேலே கண்ணாடிக் குவிமாடம். படிப்பவர்கள் முகம் விழாமல் படமெடுங்கள்.

பதில் 3
அதே நூலகத்திலுள்ள வெஸ்டன் அறையை விட்டுவிட்டீர்களே! ஒரு காலத்தில் அரசின் ஆவணச் சுருள்களை வைத்திருந்த பழைய ரோல்ஸ் சிற்றாலயம் அங்கே அப்படியே நிற்கிறது.

பதில் 2
அப்படியே அல்ல. 1890-களில் சான்சரி லேன் பக்கம் விரிவாக்கியபோது சிற்றாலயத்தை இடித்துவிட்டார்கள். வண்ணக் கண்ணாடிகளையும் கல்லறைகளையும் புதிய அறையில் திரும்பப் பொருத்தினார்கள். அவற்றில் ஆவணச் சுருள்களுக்குப் பொறுப்பான அதிகாரியாக இருந்து 1516-இல் இறந்த ஜான் யங்கின் சுடுமண் உருவத்தைத் தவறவிடாதீர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ஏழாம் ஹென்றியின் கல்லறையைச் செய்த இத்தாலியச் சிற்பி டொரிஜியானோவின் வேலை அது.