240 பக்க எண்களையும் வரிசையாகக் காட்டாமல் எப்படிச் சுருக்குவது?

அலமாரி:

எல்லோருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் என் சித்தப்பா பழைய புத்தகக் கடை வைத்திருக்கிறார். கடையில் இருக்கும் நூல்களை பிஎச்பி மொழி, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வைத்து ஒரு தளத்தில் ஏற்றி வருகிறேன். இதுவரை 4,800 நூல்கள் ஏறியிருக்கின்றன. பக்கத்துக்கு 20 நூல், ஆக 240 பக்கம். கீழே ஒரு லூப் போட்டு 1 முதல் 240 வரை எல்லா எண்ணுக்கும் லிங்க் கொடுத்திருக்கிறேன். ஃபோனில் பார்த்தால் நூல் பட்டியலைவிட எண் பட்டியல்தான் நீளமாக இருக்கிறது. இதைச் சின்னதாக, பார்க்க நன்றாக எப்படிக் கொண்டுவருவது?

கூடவே இரண்டு தொல்லை. 'சமையல்' என்று தேடிவிட்டு 2-ஐ அமுக்கினால் தேடல் போய், மொத்த நூல்களின் இரண்டாம் பக்கம் வந்து நிற்கிறது. இன்னொன்று, விலை வரிசையில் பார்க்கும்போது ஒரே புத்தகம் 3-ஆம் பக்கத்திலும் வருகிறது, 4-ஆம் பக்கத்திலும் வருகிறது. டேபிளில் அது ஒன்றுதான் இருக்கிறது, தேடிப் பார்த்துவிட்டேன்.

ஏட்டுச்சுவடி:

தம்பி, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். கல்லூரி நூலகத்தின் நூற்பட்டியலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாணவர்கள் அந்தப் பட்டியலில் எப்படி நடக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

பட்டியல் பார்க்கிறவர் அமுக்குவது பெரும்பாலும் அடுத்த பக்கத்துக்குப் போகும் 'பின்' பொத்தானைத்தான். எண்களை அமுக்குவதைவிடப் பார்ப்பதுதான் அதிகம்: நாம் எங்கே நிற்கிறோம், இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. ஆகவே கீழே இருக்கும் எண் பட்டையின் நீளம் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மாறக்கூடாது. 'பின்' நகர்ந்துகொண்டே இருந்தால் கை ஒவ்வொரு தடவையும் அதைத் தேடிப் போக வேண்டும், நான்கு பக்கத்தில் ஆள் சலித்துவிடுவார்.

அதற்கு எப்போதும் ஒன்பது கட்டம் என்று வைத்துக்கொள். உன் தளத்தில் இப்படி வரும்:

முன் · [1] 2 3 4 5 6 7 … 240 · பின்
முன் · 1 … 110 111 [112] 113 114 … 240 · பின்
முன் · 1 … 234 235 236 237 238 239 [240] · பின்

கணக்கு சுலபம். மொத்தம் 9 பக்கம் அல்லது அதற்குக் கீழே என்றால் எல்லா எண்ணையும் காட்டு. அதற்கு மேல் இருந்தால், நிற்கும் பக்கம் 5 அல்லது அதற்குள் இருக்கும்போது முதல் ஏழு, புள்ளிகள், கடைசி. நிற்கும் பக்கம் 'மொத்தம் − 4' அல்லது அதற்கு மேல் என்றால் 1, புள்ளிகள், கடைசி ஏழு. மற்ற எல்லாவற்றுக்கும் 1, புள்ளிகள், இந்தப் பக்கமும் இருபுறமும் இரண்டிரண்டும், புள்ளிகள், கடைசி. மூன்றே கிளை. தாளில் 5, 6, 235, 236 ஆகிய நான்கையும் போட்டுப் பார், எல்லாவற்றிலும் ஒன்பது வரும். இதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று உண்டு. புள்ளிகளுக்குப் பின்னால் எப்போதும் குறைந்தது இரண்டு எண்கள் மறைந்திருக்கும். '1 … 3' என்று காட்டி 2-ஐ மட்டும் ஒளித்துவைக்கும் தளங்களைப் பார்த்திருப்பாய். புள்ளி அடைத்த இடத்தில் அந்த 2-ஐயே போட்டிருக்கலாம்.

எண்ணிக்கை ஒன்பதாக இருந்தால் மட்டும் போதாது. '7' இருக்கும் கட்டமும் '112' இருக்கும் கட்டமும் ஒரே அகலத்தில் இல்லாவிட்டால் பட்டை திரும்பவும் நகரும். தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று இலக்கம் தாங்கும் அளவுக்குக் குறைந்தபட்ச அகலம் கொடு. முதல் பக்கத்தில் 'முன்' பொத்தானை எடுத்துவிடாதே, மங்கலாக்கி அங்கேயே விடு.

நிற்கும் பக்கத்தின் எண்ணுக்கு லிங்க் தேவையில்லை. ஆனால் அது தடித்த எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது, 'ஏரியா-கரண்ட்' என்ற பண்புக்கு 'பேஜ்' என்ற மதிப்பையும் கொடு. திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிறவருக்குத் தான் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று அதுதான் சொல்லும். எங்கள் நூலகத்துக்குப் பார்வையில்லாத மாணவர்கள் வருகிறார்கள். இந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அவர்களுக்கு அந்தப் பட்டை வெறும் எண்களின் ஒப்பிப்பு.

ஃபோனில் ஒன்பதையும் திணிக்காதே. 360 பிக்சல் அகலத்தில் ஒன்பது எண்ணும் இரண்டு பொத்தானும் என்றால் ஆளுக்கு 32 பிக்சல்தான், அதிலும் இடைவெளி போக வேண்டும். விரல் பக்கத்து எண்ணில் விழும். குறுகிய திரையில் எண்களை மறைத்துவிட்டு, 'முன்', நடுவில் '112 / 240', 'பின்' என்று மூன்றே காட்டு.

தேடல் தொலைந்துபோவதற்குக் காரணம், உன் லிங்கில் பக்க எண் மட்டும் இருப்பது. தேடுசொல், வகை, வரிசை எல்லாம் முகவரியிலேயே இருக்க வேண்டும். லிங்க் கட்டும்போது முகவரியில் வந்த அளவுருக்களை அப்படியே எடுத்து, அதில் பக்கத்தை மட்டும் மாற்றி, 'எச்டிடிபி பில்ட் குவெரி' என்ற பிஎச்பி செயற்கூறு வழியாக ஓட்டு. கையால் ஒட்டவைக்காதே. 'சமையல்' என்பது முகவரியில் குறியாக்கம் ஆகும்போது 54 எழுத்தாக நீளும், தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் ஆயிற்றே. வந்த அளவுரு எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கவும் வேண்டாம். உனக்குத் தெரிந்த நான்கைந்து பெயர்களை மட்டும் அனுமதி, வெளியே அச்சிடும் முன் 'எச்டிஎம்எல் ஸ்பெஷல் சார்ஸ்' போடு. தேடல் பெட்டியில் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினால் அது உன் லிங்கில் போய் உட்காரக்கூடாது.

நள்ளிரவுக்குவெரி:

அக்கா பட்டையைச் சொல்லிவிட்டார், நான் டேட்டாபேஸ் பக்கம் வருகிறேன்.

ஒரே புத்தகம் இரண்டு பக்கத்தில் வருவதற்குக் காரணம், குவெரியில் வரிசையைச் சொல்லும் உங்கள் 'ஆர்டர் பை'. விலையை மட்டும் வைத்து வரிசைப்படுத்துகிறீர்கள். பழைய புத்தகக் கடையில் 50 ரூபாய்ப் புத்தகம் நூறாவது இருக்கும். விலை சமமாக இருக்கும் வரிகளை எந்த வரிசையில் தருவது என்று மைஎஸ்க்யூஎல் எந்த உறுதியும் தருவதில்லை. 3-ஆம் பக்கத்துக்கு ஒரு மாதிரி அடுக்கும், 4-ஆம் பக்கத்துக்கு வேறு மாதிரி அடுக்கும். ஒரு புத்தகம் இரண்டு தடவை வருகிறது என்றால் வேறொரு புத்தகம் எந்தப் பக்கத்திலும் வரவில்லை என்று அர்த்தம். இரண்டு தடவை வருவது கண்ணில் படுகிறது, வராதது படாது. விற்காமல் கிடக்கும் புத்தகம் அதுவாகவே இருக்கலாம். 'ஆர்டர் பை விலை, ஐடி' என்று மாற்றுங்கள், ஐடி ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி எண்ணாயிற்றே. எந்த வரிசையாக இருந்தாலும் கடைசியில் ஐடி இருக்கட்டும், சிக்கல் தீர்ந்தது.

ஒரு பக்கத்தை எடுக்க எத்தனை வரியைத் தாண்டித் தொடங்குவது என்பதுதான் ஆஃப்செட்: தொடக்கம் = (பக்கம் − 1) × 20. பக்கத்தை முதலில் முழு எண்ணாக்கி, 1-க்குக் கீழே போனால் 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் யாராவது முகவரியில் −3 என்று அடித்தால் ஆஃப்செட் எதிர்மறையாகி குவெரி பிழை காட்டும். கடைசிப் பக்கத்தைத் தாண்டிக் கேட்டால் வெற்றுப் பட்டியலைக் காட்டாமல் 404 ('பக்கம் இல்லை') கொடுங்கள்.

பிஎச்பியிலிருந்து டேட்டாபேஸோடு பேச பிடிஓ பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். எக்ஸிக்யூட்டில் அணியாகக் கொடுக்கும் மதிப்புகள் சரமாகத்தான் போகும். எமுலேஷன் (மதிப்புகளைப் பிடிஓவே குவெரியில் பொருத்தி அனுப்பும் முறை) இயங்கும்போது, மைஎஸ்க்யூஎல்லுக்கு அதுதான் இயல்பு, எத்தனை வரி வேண்டும் என்று சொல்லும் லிமிட்டில் 20 என்பது மேற்கோள் குறிக்குள் போய் விழுந்து தொடரியல் பிழை வரும். 'பைண்ட் வேல்யூ'வில் முழு எண் வகை என்று சொல்லிக் கொடுங்கள்.

மொத்த எண்ணிக்கைக்குத் தனியாக ஒரு கவுண்ட் குவெரி போடுங்கள், பட்டியலை எடுக்கும் குவெரியில் உள்ள அதே 'வேர்' (WHERE) நிபந்தனைகளோடு. பழைய பாடங்களில் 'எஸ்க்யூஎல் கால்க் ஃபவுண்ட் ரோஸ்' என்று சொல்லித் தருவார்கள். மைஎஸ்க்யூஎல் 8.0.17-லிருந்து அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். புதிதாக எழுதுகிறவர் அதைத் தொட வேண்டாம்.

'ஆஃப்செட் மெதுவாக இருக்கும்' என்று படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். 240-ஆம் பக்கத்துக்கு அது 4,800 வரியைப் படித்து 4,780-ஐத் தூக்கிப் போடும். இந்த அளவுக்கு அது ஒன்றுமே இல்லை. லட்சக்கணக்கில் போகும்போதுதான் வலிக்கும். அப்போது 'கடைசியாகப் பார்த்த விலை, ஐடி இவற்றுக்கு அடுத்த 20' என்று கேட்கும் முறைக்குப் போகலாம், இண்டெக்ஸ் நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் விடும். விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையின் வரலாற்றுப் பக்கம் இப்படித்தான் நடக்கிறது: அங்கே பக்க எண்ணே இல்லை, 'புதிய 50', 'பழைய 50' என்ற போக்குதான், முகவரியில் நேரமுத்திரை இருக்கும். வேகம் கிடைக்கும், 112-ஆம் பக்கத்துக்குத் தாவுவது போய்விடும். உங்களுக்கு அந்த வியாபாரம் இப்போது வேண்டாம்.

அலமாரி:

இருவருக்கும் ரொம்ப நன்றி. ஐடி சேர்த்ததும் இரட்டை வருகை நின்றுவிட்டது. ஒன்பது கட்டமும் வந்துவிட்டது, ஃபோனில் அழகாக இருக்கிறது.

அக்கா, இன்னொன்று. சித்தப்பா 'எனக்கு அ, ஆ, இ என்று மேலே எழுத்து வேண்டும், அகராதி மாதிரி' என்கிறார். தலைப்பின் முதல் எழுத்தை எடுத்தால் சில இடத்தில் கேள்விக்குறியாக வருகிறது. வரிசையும் கொஞ்சம் தப்பாக இருக்கிறது: 'பகல்' முன்னாலும் 'பக்கம்' பின்னாலும் வருகிறது.

ஏட்டுச்சுவடி:

சித்தப்பா சொல்வதுதான் சரி. விற்கிறவருக்குத் தெரியும், யாரும் 173-ஆம் பக்கத்துக்குப் போய்ப் புத்தகம் வாங்குவதில்லை. தலைப்பு தெரிந்து வருகிறவருக்கு 'ப' என்ற ஒரு எழுத்து, 240 எண்ணைவிட உபயோகம்.

கேள்விக்குறி வருவது, பிஎச்பியின் 'சப்ஸ்டர்' செயற்கூறு பைட் கணக்கில் வெட்டுவதால். 'எம்பி சப்ஸ்டர்' போட்டு முதல் குறியை எடு. 'கோ'வில் முதல் குறி 'க', கொம்பும் காலும் தனிக் குறியாகத்தான் பின்னால் வரும். ஆக க, கா, கி எல்லாம் தானாகவே 'க'வின் கீழ் சேரும். இதை டேபிளில் 'முதலெழுத்து' என்று தனி நெடுவரிசையாகச் சேமித்து இண்டெக்ஸ் போட்டுவிடு. எழுத்துப் பட்டையில் நூல் இருக்கும் எழுத்தை மட்டும் காட்டு. 'ங' என்று ஒரு லிங்க் வைத்து உள்ளே வெறுமையைக் காட்டாதே. அதே சமயம், தமிழ்ச் சொல் ட, ர, ல-வில் தொடங்காது என்று அவற்றை நீக்கியும் விடாதே, ரயிலும் லாட்டரியும் தலைப்பில் வரத்தான் செய்யும். எண்ணிலும் மேற்கோள் குறியிலும் தொடங்குபவற்றுக்கு 'மற்றவை'.

வரிசைத் தப்பு எங்கிருந்து வருகிறது என்றால், எழுத்துக்குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் புள்ளியின் குறி எண், உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் பிறகு இருக்கிறது. குறி எண்ணை வைத்து அடுக்கினால் 'க்' என்பது 'கௌ'வுக்கும் பின்னால் போய்விடும். நம் அகராதியில் மெய் முன்னால், உயிர்மெய் பின்னால். தவிர, யூனிகோடில் 'ந'வை அடுத்து 'ன' நிற்கிறது, 'ர'வை அடுத்து 'ற', 'ச'வை அடுத்து 'ஜ'.

நான் எங்கள் பட்டியலில் செய்திருப்பது இது. 247 எழுத்துக்கும் மூன்று இலக்க எண் கொடுத்தேன்: அ 001, ஔ 012, ஃ 013, க் 014, க 015, கா 016, அப்படியே ன வரிசை முடிய 247. கிரந்த எழுத்துகளுக்கு 248 முதல். இடைவெளிக்கு 000. தலைப்பை எழுத்து எழுத்தாகப் பிரித்து இந்த எண்களைச் சேர்த்து எழுதினால் அதுதான் வரிசைச் சாவி. 'ஆர்டர் பை சாவி, ஐடி' என்று கேட்டால் பக்கம் முன்னாலும் பகல் பின்னாலும் வரும். எந்த சர்வருக்கு மாற்றினாலும் அதே வரிசை நிற்கும்.

சாவியைக் கட்டும் முன் தலைப்பின் முன்னாலும் பின்னாலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கிவிடு. பிடிஎஃப்பிலிருந்து ஒட்டிய தலைப்புகளில் அகலமில்லாத இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும், அந்த நூல்கள் 'மற்றவை'யில் போய் விழும். நூலைச் சேர்க்கும் இடம், தலைப்பைத் திருத்தும் இடம் இரண்டிலும் ஒரே செயற்கூறு சாவியையும் முதலெழுத்தையும் எழுதட்டும். ஏற்கெனவே இருக்கும் 4,800-க்கும் அதையே ஒரு தடவை ஓட்டிவிடு.