தினமும் பளு தூக்கினால் தசை எப்போது ஆறும்? மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பார்த்ததை எழுதுங்கள்

மேல்மாடி ஜிம்:
கடைவீதியில் மாடியில் இருக்கும் ஜிம்மைத்தான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவர் மாலையில் அங்கே வருவார். எந்தக் கிழமை போனாலும் ஸ்குவாட் ராக்கில், அதாவது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் இடத்தில், அவர்தான் நிற்பார். அன்றைக்கு 80 கிலோ போட்டிருந்தார். போன மாதம் அதே எடையை அவர் பேசிக்கொண்டே தூக்கியதைப் பார்த்திருக்கிறேன். அன்று இறங்கினார், பாதி எழுந்தார், அங்கேயே நின்றுவிட்டார். முழங்கால் இரண்டும் உள்பக்கமாக மடங்கின. பாரைக் காவல் கம்பியில் இறக்கி வைத்த பிறகும் தொடை துடிப்பது கால்சட்டைக்கு மேலேயே தெரிந்தது. பயிற்சியாளர் வந்து, "மனசுதான் சோர்ந்து போச்சு, உடம்பு இல்லை. இன்னொரு செட் போடு" என்றார். தம்பி மறுபேச்சுப் பேசாமல் பாருக்கு அடியில் போய் நின்றார்.

எனக்கு அது ஆறவே இல்லை. தசை வளர்வது ராக்கை விட்டு இறங்கிய பிறகுதான் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பெரிய தசைக்கு ஒரு வாரமாவது ஓய்வு வேண்டாமா? இப்படி யாரையாவது பார்த்தவர்கள் எழுதுங்கள்.

கிளினிக் அக்கா:
நான் பார்த்தது இதைவிட மோசம். தொடை வலிக்கு மாத்திரை கேட்டு ஒரு பையன் வந்தான். பல மாதம் பயிற்சியை விட்டிருந்தவன், நண்பர்களோடு பந்தயம் கட்டி ஒரே மாலையில் கால் வீங்கும்வரை ஸ்குவாட் செய்திருக்கிறான். சிறுநீர் மாதிரி எடுத்து வரச் சொன்னோம். குப்பியை மேசைமேல் வைத்தபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பால் கலக்காத கடுங்காப்பி நிறம். அப்படியே ஈப்போவுக்கு அனுப்பிவிட்டார். பையன், "வெறும் வலிதானே டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

தசை இழை அளவுக்கு மீறிச் சிதைந்தால் அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். நம் ஊர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் செய்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கருத்த சிறுநீர், தொட முடியாத வீக்கம், கை கால் தூக்க முடியாத பலவீனம் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள். சில வலி மாத்திரைகள் அந்த நிலையில் சிறுநீரகத்துக்கு மேலும் கெடுதல். தண்ணீர் குடியுங்கள், நீண்ட இடைவெளிக்குப் பிறகு தொடங்குகிறவர்கள் பழைய எடையில் பாதிக்கும் கீழே தொடங்குங்கள், பந்தயம் கட்டாதீர்கள்.

பழைய இரும்பு:
இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்கள். கிளினிக் அக்கா சொன்னது ஒரே நாளில் அளவு மீறியவன் கதை. அடிக்கடி பயிற்சி செய்வதற்கும் அதற்கும் முடிச்சுப் போடக் கூடாது.

எங்கள் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) ஒரு மாமா பால் டின்னில் சிமெண்டு ஊற்றி, நடுவில் இரும்புக் குழாய் நட்டுத் தூக்குவார். தினமும்தான். ஒரு தீபாவளிக்கு அந்தக் குழாயின் இரு முனையிலும் இரண்டு சிறுவர்களைத் தொங்கவிட்டுத் தலைக்கு மேலே எழுப்பினார். அந்த ஒரு முனையில் தொங்கியவன் நான். கீழே தெரிந்த அவர் கழுத்து நரம்பு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

ஒரு வாரம் ஓய்வு என்பது வீண். கடும் பயிற்சிக்குப் பிறகு தசையில் புரத உற்பத்தி 24 மணி நேரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகி, 36 மணி நேரத்தில் பழைய நிலைக்கு அருகில் இறங்கிவிடுகிறது என்று 1995-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதற்குமேல் தசையைச் சும்மா போட்டு வைத்து என்ன பயன்? அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் 2009 பரிந்துரையும் புதியவர்களுக்கு வாரத்தில் 2 அல்லது 3 நாள் என்றுதான் சொல்கிறது. ஒரே நாளில் 12 செட் போட்டு நொண்டுவதைவிட, அதையே மூன்று நாளுக்கு நான்கு நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு செட்டும் தரமாக இருக்கும். மறுநாள் வலி லாக்டிக் அமிலத்தால் வருகிறது என்பதையும் விடுங்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஓரிரு மணி நேரத்திலேயே வடிந்துவிடும். வலி வழக்கமாக 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும், அதே பயிற்சி பழகப் பழகக் குறையும். வலியை வைத்து வளர்ச்சியை அளக்க முடியாது. பல்கேரியாவில் இவான் அபாஜியேவ் தம் வீரர்களைத் தினமும் உச்ச எடை தூக்க வைத்தார். அந்த முறையில் வளர்ந்து பிறகு துருக்கிக்குப் போய்விட்ட நயிம் சுலைமனோக்லுதான் 1988 சியோல் ஒலிம்பிக்கில் துருக்கிக்காக, 60 கிலோ பிரிவில் மொத்தம் 342.5 கிலோ தூக்கினார்.

பால்மரத்துப் பேத்தி:
இரும்பு அண்ணன், அதே சியோலில் பல்கேரிய வீரர்கள் இருவரின் தங்கம் ஊக்கமருந்துச் சோதனையில் பறிபோய், அந்த நாட்டுப் பளுதூக்கும் அணியே போட்டியிலிருந்து விலகியதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அந்த வீரர்களுக்குத் தூக்குவதும் தூங்குவதும்தான் வேலை. எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

என் தம்பியும் குலை வெட்டுகிறவன். விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும். அரிவாள் கட்டிய நீளக் கம்பைத் தலைக்கு மேலே பிடித்தே பகல் போகும். விழுகிற குலை 20 கிலோவுக்குக் குறையாது. டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரைத் தூக்குவது) செய்த மறுநாள் இரவு சாப்பிட உட்கார்ந்தான். ரசம் ஊற்றிய சோற்றைப் பிசைய விரல் மடங்கவில்லை. நான்கு விரலும் கம்பைப் பிடித்த வளைவிலேயே நின்றன. அம்மா ஒன்றும் கேட்காமல் கரண்டி எடுத்து வந்து தட்டில் வைத்தார். அவன் தலை நிமிரவே இல்லை.

தாத்தா அந்தக் காலத்துப் பால்மரக்காரர், ரப்பர் மரம் சீவியவர். "மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவோம். ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். இவனுக்கு மட்டும் ஓய்வு வேண்டாமா?" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார். உங்கள் 36 மணி நேரக் கணக்கில் தோட்டத்து வேலை எங்கே இருக்கிறது, அண்ணன்? என் தம்பி ஜிம்முக்கு வரும்போதே ஒரு பயிற்சியை முடித்துவிட்டுத்தான் வருகிறான்.

பழைய இரும்பு:
சியோல் விஷயம் சரிதான், தங்கச்சி. பகல் வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக வாரம் ஒருமுறை என்பதை ஏற்க மாட்டேன்.

குலைக்காரன்:
நான் அதே வேலைதான் செய்கிறேன், அதனால் கேளுங்கள். கால் பயிற்சியைச் சனிக்கிழமை மாலைக்கு மாற்றினேன், ஞாயிறு வேலை இல்லை. புதன்கிழமை மறுபடியும் கால், ஆனால் செட் பாதி, எடையும் குறைவு. முதுகுக்கும் கைப்பிடிக்கும் கம்பும் குலையுமே போதும், டெட்லிஃப்ட்டை மிகவும் குறைத்துவிட்டேன். காய் அதிகம் வரும் மாதங்களில் புதன்கிழமையையும் விட்டுவிடுவேன். மாற்றிய கொஞ்ச நாளில், மாதக்கணக்காக அசையாமல் இருந்த எடை ஒரு சனிக்கிழமை தோளைவிட்டுத் துள்ளியது. பாரில் தட்டு குறைந்துவிட்டதோ என்று இறக்கி வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

மேல்மாடி ஜிம் சொன்ன அந்தத் தம்பியிடம் தூக்கம் எத்தனை மணி நேரம் என்று முதலில் கேளுங்கள். பெரட்டுக்கு எழுகிறவன் இரவு ஒன்பதரைக்காவது படுக்க வேண்டும். ஜிம்மிலிருந்தே ஒன்பது மணிக்குத்தான் கிளம்புகிறான் என்றால், எந்த அட்டவணை போட்டும் பயனில்லை.

மேல்மாடி ஜிம்:
ஒரு வாரம் என்று நான் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் ஒன்பதுக்கும் பிறகுதான் கிளம்புகிறார், நானே பார்த்திருக்கிறேன். சனி, புதன் யோசனையை நாளை மாலை அவரிடம் சொல்கிறேன். பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும் நேரமாகப் பார்த்தே சொல்வேன், அவரும் கேட்கட்டும்.