டெக்சாஸில் ஃபெலனி வழக்கு: அருகிலிருந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

டல்லாஸ் வட்டாரம், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்

நம்மவர் ஒருவர் கைதானார் என்று தெரிந்தவுடன் குடும்பத்தார் "எத்தனை வருஷம் போடுவார்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். வழக்கு எந்தத் தரத்தில் பதிவாகியிருக்கிறது, எந்த விவரம் அதை அந்தத் தரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்று கேட்பவர்கள் குறைவு. டெக்சாஸில் தண்டனையின் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 12ஆம் அத்தியாயம் ஃபெலனிகளை, அதாவது கடுமையான குற்றங்களை, ஐந்து தரங்களாகப் பிரிக்கிறது. உச்சியில் உள்ள கேபிட்டல் ஃபெலனிக்கு, வயது வந்தவரானால், மரண தண்டனை அல்லது பரோல் இல்லாத ஆயுள் சிறை. முதல் தரத்துக்கு 5 முதல் 99 ஆண்டுகள் அல்லது ஆயுள்; இரண்டாம் தரத்துக்கு 2 முதல் 20 ஆண்டுகள்; மூன்றாம் தரத்துக்கு 2 முதல் 10 ஆண்டுகள். கடைசியாக, 1990களில் சேர்க்கப்பட்ட ஸ்டேட் ஜெயில் ஃபெலனி: 180 நாள் முதல் 2 ஆண்டு வரை. கேபிட்டல் நீங்கலாக மற்ற நான்குக்கும் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். கேட்பதற்கு மிகச் சிறியதாகத் தோன்றும் ஸ்டேட் ஜெயில் தண்டனைக்குப் பரோல் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நான் மொழிபெயர்த்த ஒரு வழக்கை, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்துடன், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அவர் ஒரு கடையில் கல்லாவில் வேலை பார்த்த இளைஞர். கிரீன் கார்டுடன் அமெரிக்கா வந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தந்ததாகப் பொய்க் கணக்கு எழுதி, நாற்பதும் ஐம்பதுமாகப் பணம் எடுத்துவந்தார் என்பது குற்றச்சாட்டு. எந்த ஒரு நாளின் தொகையையும் தனியே பார்த்தால் அது 100 டாலருக்குக் கீழே, அபராதத்தோடு முடிகிற கிளாஸ் சி வகை மிஸ்டிமீனர், அதாவது ஃபெலனிக்குக் கீழான சிறு குற்றம். ஆனால், ஒரே திட்டத்தின்படி தொடர்ந்து எடுத்த தொகைகளைக் கூட்டித் தரம் நிர்ணயிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கூட்டியபோது 2,900 டாலருக்கு மேல் வந்தது. 2015இலிருந்து இங்கே 2,500 டாலரை எட்டும் திருட்டு ஸ்டேட் ஜெயில் ஃபெலனி. 30,000 டாலரை எட்டினால் மூன்றாம் தரம், 150,000க்கு இரண்டாம் தரம், 300,000க்கு முதல் தரம்.

அரசு வழக்கறிஞர் முன்வைத்த சமரசம் பார்வைக்கு இதமாகத்தான் இருந்தது: 2 ஆண்டு ஸ்டேட் ஜெயில், ஆனால் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டிலேயே இருக்கலாம். "உள்ளே போக வேண்டாம் அல்லவா, கையெழுத்துப் போட்டுவிடு" என்று அவருடைய மாமா வராந்தாவில் நின்று வற்புறுத்தினார். கோர்ட் நியமித்த வக்கீல் அதற்கு இணங்கவில்லை. குடியேற்றச் சட்டம் மத்திய அரசுடையது. நிறுத்திவைத்த தண்டனையையும் அது முழுத் தண்டனையாகவே எண்ணும். திருட்டுக்கு ஓராண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கப்பட்டால் நாடுகடத்தலிலிருந்து தப்ப அநேகமாக வழியே இராது என்று அவர் பொறுமையாக விளக்கினார். தீர்ப்பை ஒத்திவைக்கும் டிஃபெர்டு அட்ஜுடிகேஷன் முறையில் முடித்தால் டெக்சாஸ் அதைக் குற்றத்தீர்ப்பாகக் கொள்ளாது. ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நீதிமன்றம் ஏதேனும் ஒரு கட்டுப்பாட்டை விதித்தாலே போதும், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய அரசுக்கு அது குற்றத்தீர்ப்புதான்.

அந்த வக்கீல் அடுத்துச் செய்ததைக் கண்டு நான் வியந்தேன். கிளாஸ் ஏ மிஸ்டிமீனராகக் குறைக்க அரசுத் தரப்பு முன்வந்தபோதும் போதாது என்றார். கிளாஸ் ஏ குற்றத்துக்கு உச்சத் தண்டனை சரியாக ஓராண்டு. நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் செய்த, திருட்டு போன்ற ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்கு ஓராண்டு தண்டனை விதிக்க முடியும் என்றாலே நாடுகடத்தலுக்கு அது போதும். உண்மையில் எத்தனை நாள் விதித்தார்கள் என்பது அங்கே கணக்கில் வராது. இந்த ஒரு நாள் வேறுபாட்டுக்காகவே வாஷிங்டன் மாநிலம் 2011இலும், கலிஃபோர்னியா 2015இலும், நியூயார்க் 2019இலும் தங்கள் உச்ச வரம்பை 364 நாளாகக் குறைத்துக்கொண்டன, டெக்சாஸ் குறைக்கவில்லை. ஆகவே உச்சத் தண்டனை 180 நாளான கிளாஸ் பி வரை இறங்கினால்தான் உண்டு என்று வக்கீல் உறுதியாக நின்றார். குடும்பம் கடனை உடனை வாங்கிப் பணம் முழுவதையும் திருப்பிக் கட்டியது. ஃபெலனி வழக்கு விலக்கிக்கொள்ளப்பட்டு, கவுன்டி நீதிமன்றத்தில் கிளாஸ் பி திருட்டாகப் புதிதாகப் பதிவாகி முடிந்தது. அந்த இளைஞர் இன்றும் இங்கேதான் இருக்கிறார்.

குடியேற்ற விளைவைக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வக்கீலின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் படில்லா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஃபெலனி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், இது நாடுகடத்தலுக்கும் குடியுரிமை மறுப்புக்கும் காரணமாகலாம் என்று நீதிபதியும் எச்சரிக்க வேண்டும். அந்த எச்சரிக்கையை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் "சரி, சரி" என்று தலையாட்டுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் நிறுத்தி, வக்கீலோடு பேச அவகாசம் கேட்டால் எந்த நீதிபதியும் கோபித்து நான் பார்த்ததில்லை.

ஹூஸ்டன், ஜூரியாக அமர்ந்தவர்

குடியுரிமை பெற்ற சில காலத்தில் எனக்கு ஜூரி அழைப்பு வந்தது. ஃபெலனி வழக்கு என்பதால் பன்னிரண்டு பேர். ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள் திருடும் நோக்கில் புகுந்தார் என்பது வழக்கு. அது இரண்டாம் தரம், அதாவது 2 முதல் 20 ஆண்டுகள். பெரும்பாலான மாநிலங்களில் தண்டனையை நீதிபதிதான் விதிக்கிறார். டெக்சாஸில் குற்றம் சாட்டப்பட்டவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், தண்டனையையும் ஜூரியே தீர்மானிக்கும். இவர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தார்.

குற்றவாளி என்று நாங்கள் முடிவு செய்து சொன்ன பிறகு, தண்டனைக்கான இரண்டாம் கட்ட விசாரணை தொடங்கியது. அதுவரை எங்களிடம் சொல்லாதிருந்த ஒன்றை அரசு வழக்கறிஞர் அப்போதுதான் எடுத்தார்: இவருக்கு முன்பே ஒரு ஃபெலனித் தண்டனை உண்டு. அதை மெய்ப்பிக்கக் கைரேகை நிபுணர் ஒருவர் வந்தார். அன்று காலை நீதிமன்றத்திலேயே எடுத்த இவருடைய கட்டைவிரல் ரேகையையும், பழைய சிறை ஆவணத்தில் இருந்த ரேகையையும் பெரிதாக்கித் திரையில் அருகருகே காட்டி, கோடு கோடாக விளக்கினார். குற்றம் சாட்டப்பட்டவர் அந்தத் திரையை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை. முந்தைய தண்டனை உண்மை என்று நாங்கள் ஏற்றுக்கொண்டதும் இரண்டாம் தரத்துக்கான வரம்பு, முதல் தரத்துக்கான வரம்பாக உயர்ந்தது. நாங்கள் 5 ஆண்டுக்கும் 99 ஆண்டுக்கும் இடையில், அல்லது ஆயுள் என்று, ஓர் எண்ணைச் சொல்ல வேண்டியவர்களானோம். முறைப்படி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பழைய ஃபெலனிகள் இருந்திருந்தால் கீழ் வரம்பே 25 ஆண்டுகளாகியிருக்கும்.

ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதி மேசை நடுவில் போட்டோம். 8 என்று ஒருவர் எழுதியிருந்தார்; 40 என்று ஒருவர். முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். எங்களுக்குத் தந்த எழுத்துமூல அறிவுரையில், இத்தகைய வழக்கில் நன்னடத்தைச் சலுகையும் சேர்த்து, தண்டனையில் கால்பங்கு அல்லது 15 ஆண்டுகள், இவற்றில் எது குறைவோ அது கழிந்ததும் பரோலுக்குத் தகுதி வரும் என்று எழுதியிருந்தது; ஆனால் இந்தக் குறிப்பிட்ட மனிதருக்குப் பரோல் எப்படி அமையும் என்று கணக்கிடக் கூடாது என்றும் அதே அறிவுரை சொன்னது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அந்தப் பத்தியை இரண்டு முறை உரக்கப் படித்து, பரோல் கணக்கில் இறங்கியவர்களைத் தடுத்தார். வீட்டில் யாரும் காயப்படவில்லை, ஆனால் உள்ளே ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது என்ற இரண்டு செய்திகளுக்கிடையே பேசிப் பேசி 18 ஆண்டுகளில் ஒன்றுபட்டோம். இத்தனை அகலமான வரம்பைச் சட்டப் பழக்கமில்லாத பன்னிரண்டு பேரிடம் விடுவது நியாயம்தானா என்று எனக்கு இன்றும் கேள்வி உண்டு. அந்த அறையில் யாரும் பொறுப்பில்லாமல் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நியூ ஜெர்ஸி, எடிசன்

உறவினர் வழக்கு ஒன்றுக்காக இங்கே அலைந்த அனுபவத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். "மூன்றாம் தரம்" என்று கேள்விப்பட்டவுடன் டெக்சாஸ் நண்பர்கள் சொன்ன கணக்கை வைத்துப் பயந்துவிட்டோம். இங்கே மூன்றாம் தரத்துக்கு 3 முதல் 5 ஆண்டுகள். முதல் குற்றம் என்றால் சிறை வேண்டாம் என்பதே பொதுவான அனுமானம். அதே வேளை, 500 டாலரைத் தாண்டினாலே, 75,000க்குள் உள்ள திருட்டு எல்லாம் இங்கே மூன்றாம் தரம். மேலே சொன்ன கல்லா இளைஞரின் தொகையும் இங்கே அதில்தான் விழுந்திருக்கும். எந்த மாநிலத்து வழக்கோ அந்த மாநிலத்து வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

ஃபோர்ட் வொர்த், மாணவனின் சித்தப்பா

என் அண்ணன் மகன் எம்.எஸ். படிக்க வந்தவன். நண்பர்களோடு கொலராடோ போய்விட்டு 287ஆம் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பும்போது, வேகத்துக்காகக் காரை நிறுத்திய காவலர் உள்ளே சோதனையிட்டார். ஒரு நண்பனின் பையில் சிறு பொட்டலம் கஞ்சா; இவன் சட்டைப் பையில் கஞ்சா எண்ணெய் நிரப்பிய வேப் (மின் சிகரெட்) ஒன்று. இரண்டும் கொலராடோவில் 2014 முதல் கடையில் விற்பவை. கஞ்சா இலை 2 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 56 கிராம் வரை, டெக்சாஸில் கிளாஸ் பி மிஸ்டிமீனர். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியை எண்ணெயாகப் பிரித்தெடுத்தால், அது ஒரு கிராமுக்குக் குறைந்தாலும் ஸ்டேட் ஜெயில் ஃபெலனி. ஒரு கிராமை எட்டினால் மூன்றாம் தரம். 4 கிராமை எட்டினால் இரண்டாம் தரம். எடை போடும்போது போதைப்பொருளை மட்டும் பிரித்துப் போடுவதில்லை, கலந்திருக்கும் எண்ணெய் முழுவதையும் சேர்த்துப் போடுகிறார்கள். வேப் உறையில் "1 கிராம்" என்று அச்சிட்டிருந்தது. பாதிக்கு மேல் பயன்படுத்தியிருந்ததால் ஆய்வகத்தில் ஒரு கிராமுக்கு உள்ளே வந்தது. அதனால்தான் மூன்றாம் தரம் ஆகாமல் தப்பியது.

மாணவர் விசாவில் இருப்பவனுக்கு எந்தப் போதைப்பொருள் குற்றத்தீர்ப்பும் ஆபத்து. சொந்தப் பயன்பாட்டுக்காக 30 கிராமுக்கு உட்பட்ட கஞ்சா ஒரே ஒரு முறை வைத்திருந்ததற்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆகவே எங்கள் வக்கீல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே சேரக்கூடிய விசாரணைக்கு முந்தைய சீர்திருத்தத் திட்டத்தைத்தான் குறிவைத்தார். அதற்கான படிவத்தில் ஒப்புதல் வாக்குமூலம் என்று ஒரு பக்கம் இருந்தது. அதை நீக்கிய பிறகே கையெழுத்திட விட்டார். வகுப்புகள், சிறுநீர்ப் பரிசோதனை, சமூகப் பணி எல்லாம் முடித்து வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் "எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?" என்று கேட்கிறது, தள்ளுபடியான வழக்கானாலும் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். அவன் அப்படியே எழுதி, நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட நகலை உடன் வைத்தான். பிள்ளைகளை இங்கே அனுப்பும் பெற்றோர் கல்லூரிக் கட்டணத்தோடு இதையும் பேசி அனுப்புங்கள்.

ஆஸ்டின், பெண்கள் உதவிக் குழுத் தன்னார்வலர்

நான் எழுதுவது அடிபட்டவர் பக்கத்திலிருந்து. கணவரின் பணி விசாவைச் சார்ந்து வந்த ஒரு பெண், இரவில் அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தார். வந்த காவலர், எங்கே அடித்தார் என்று கேட்டதைவிட, "கழுத்தைப் பிடித்தாரா? மூச்சு விட முடிந்ததா? குரல் மாறியதா? கண் இருண்டதா?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டதாக அவர் சொன்னார். காரணம் உண்டு. குடும்பத்தாரை அடித்துக் காயப்படுத்துவது டெக்சாஸில் கிளாஸ் ஏ மிஸ்டிமீனர். கழுத்தை நெரித்தோ வாய் மூக்கைப் பொத்தியோ மூச்சைத் தடுத்தால் அது மூன்றாம் தர ஃபெலனி. தழும்பு விழ வேண்டும் என்ற அவசியம் இல்லை. கழுத்தை நெரிப்பவர் பின்னாளில் கொலை வரை போகும் ஆபத்து அதிகம் என்பதால் சட்டம் இப்படி வைத்திருக்கிறது; இது மிகையான கடுமை என்று நம்மவர் சிலர் சொல்லும்போது நான் ஒப்புக்கொள்வதில்லை.

மறுநாளே ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் அழைத்து, "ஏம்மா, கேஸை வாபஸ் வாங்கிடு, என் பிள்ளை வேலையே போயிடும்" என்று அழுதார். வாபஸ் வாங்குவது இவர் கையில் இல்லை. வழக்கு நடத்துவது மாநில அரசு, இவர் சாட்சி. வழக்கு வேண்டாம் என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அரசு வழக்கறிஞர் அதற்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அதைப் புரியவைத்த பிறகுதான் உறவினர்களின் நெருக்கடி ஓரளவு தணிந்தது. அவர் கையில் இருந்தது ஒன்றுதான்: நடந்ததை மாற்றாமல் சொல்வது. சொன்னார்.

பல மாதங்களுக்குப் பின் கணவர் கிளாஸ் ஏ குடும்ப வன்முறைத் தாக்குதலை ஒப்புக்கொண்டார்; ஆண்களுக்கான வன்முறைத் தடுப்புப் பயிற்சியும் விதிக்கப்பட்டது. ஃபெலனி நீங்கியதில் அவர் தரப்புக்கு நிம்மதி. ஆனால் அந்தத் தீர்ப்பில் குடும்ப வன்முறை என்ற குறிப்பு இருக்கிறது. இன்னொரு முறை கை நீட்டினால், கழுத்தைத் தொடாவிட்டாலும், நேராக மூன்றாம் தர ஃபெலனியாகப் பதிவு செய்ய அது போதும்.

அந்தப் பெண்ணின் தங்கும் உரிமை கணவரின் விசாவோடு கட்டுண்டிருந்ததால், குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவியவர்களுக்கான யு விசாவுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டினோம். ஆண்டுக்கு 10,000 பேருக்குத்தான் அது கிடைக்கும். காத்திருப்பு மிக நீண்டது. விண்ணப்பத்தோடு ஐ-918 பி என்ற சான்றுப் படிவத்தில் காவல்துறையோ அரசு வழக்கறிஞர் அலுவலகமோ கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஆகவே மற்ற ஆவணங்களை எல்லாம் தயார் செய்துகொண்டு, கையெழுத்தைக் கடைசியில் வாங்குங்கள்.