மண்ணில்லாமல் கீரை: உங்கள் வீட்டுத் தண்ணீரில் எப்படி வந்தது?

வேளச்சேரி, சென்னை

ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்ப்பது, தொடங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும், "உங்கள் வீட்டுத் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்புகளின் அளவு) எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்பேன். பைப், மோட்டார் எல்லாம் அப்புறம். தொட்டியில் வளர்க்கும்போது தண்ணீரின் குறையை மண் ஓரளவு தாங்கிக்கொள்ளும். இங்கே வேர் நேராகத் தண்ணீரில் நிற்கிறது, நடுவில் தாங்க ஒன்றும் இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரை வாங்கிய பிறகு மற்ற செலவைப் பற்றி யோசிக்கலாம்.

எங்கள் அடுக்குமாடியின் போர் தண்ணீரில் மீட்டர் 1,400 காட்டுகிறது. உரம் கலந்த பிறகும் மொத்தம் 600 முதல் 900 வரை இருந்தாலே கீரைக்குப் போதும். கரைந்த உப்பு அதற்கு மேல் ஏற ஏற, வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தண்ணீரிலேயே நின்றபடி செடி வாடும், இலை நுனி கருகும். அதனால் ஒரு பங்கு போர் தண்ணீருக்கு மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் சேர்க்கிறேன், 400க்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் பிடித்து வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. முதல் மழை மாடியைக் கழுவட்டும், அதற்கடுத்த மழையைப் பிடியுங்கள்.

நான் செய்வது க்ராட்கி முறை. ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் க்ராட்கி உருவாக்கியது. கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம். மீன் கடையில் வாங்கிய தெர்மகோல் பெட்டியை நன்றாகக் கழுவி, உள்ளே கறுப்பு ஷீட் விரித்து, மூடியில் ஓட்டை போட்டு, அடிப்பக்கம் துளையிட்ட கப்பைச் சொருகினால் வேலை முடிந்தது. வெளிச்சம் உள்ளே போகக் கூடாது, போனால் பாசி பிடிக்கும். தொடக்கத்தில் தண்ணீர் கப்பின் அடியைத் தொட வேண்டும். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மேலே வெளிப்படும் வேர்கள் காற்றை வாங்கப் பழகிக்கொள்ளும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் அந்த மேல்வேர்கள் தனியாகத் தெரியும்: வெள்ளை வெளேரென்று, பஞ்சு போல மெல்லிய மயிர் விட்டிருக்கும். கீழே தண்ணீரில் கிடக்கும் வேரில் அது இருக்காது.

அந்த மேல்வேரை மறுபடி மூழ்கடித்தால் மூச்சு முட்டிவிடும். தண்ணீர் வற்றிவிட்டதே என்று எங்கள் அத்தை பாசத்தோடு விளிம்பு வரை ஊற்றிவிட்டார்கள். மறுநாள் உச்சிவெயிலில் பாலக் மொத்தமும் துவண்டு கிடந்தது. இப்போது ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்திருக்கிறோம், அந்தக் கோட்டுக்கு மேல் யாரும் ஊற்றுவதில்லை.

உரம் ஏ, பி என்று இரண்டாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றில் கால்சியம் நைட்ரேட், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். இரண்டையும் கெட்டியாக ஒரே டம்ளரில் ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கும். பெரும்பாலும் அது ஜிப்சம்தான். செடிக்குப் போக வேண்டிய கால்சியம் அங்கே கல்லாகிவிடும். ஏயைப் பெட்டித் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் பியை ஊற்ற வேண்டும்.

கொசுவையும் மறக்க வேண்டாம். டெங்கு கொசு தேங்கிய நல்ல தண்ணீரைத்தான் தேடி வரும். கப்பைச் சுற்றி இடைவெளி இருந்தால் ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுங்கள்.

முதல் செடியாக வள்ளல் கீரையோ புதினாவோ வையுங்கள். சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே நல்ல தண்டுகளை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் வேர் விடும். லெட்யூஸ் ஆசை இருந்தால் மார்கழி, தையில் போடுங்கள். சித்திரை வெயிலில் அது கசந்து, பூத்துப் போகும். கோடையில் தண்ணீர் சூடாகிவிட்டால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும், வேர் பழுப்பேறி வழவழவென்று அழுகும். பச்சை நிழல்வலைக்கு அடியில் வைப்பது கட்டாயம்.

கோயம்புத்தூர்

எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர், உப்புத் தொல்லையே கிடையாது. ஆனால் உப்பே இல்லாத தண்ணீரில் கால்சியமும் இல்லை என்பது லெட்யூஸ் வைத்த பிறகு தெரிந்தது. உரக்கடையில் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்) ஒன்றே போதும் என்று கொடுத்தார்கள். செடி மளமளவென்று வந்தது. அப்புறம் உள்பக்க இளம் இலைகளின் ஓரம் கருக ஆரம்பித்தது. அது கால்சியம் போதாததன் அடையாளம். 19:19:19இல் கால்சியம் கிடையாது, அதிலுள்ள நைட்ரஜனில் ஒரு பகுதி யூரியா வேறு. மண்ணில் அதை நுண்ணுயிர்கள் மாற்றிக் கொடுக்கும், வெறும் தண்ணீரில் அந்த வேலை சரியாக நடக்காது. கால்சியம் நைட்ரேட்டும் எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) தனித்தனியாகச் சேர்த்ததும் புதிதாக வந்த இலைகள் சுத்தமாக இருந்தன.

மோட்டார் வேண்டாம் என்று வேளச்சேரிக்காரர் சொன்னதை நானும் ஆமோதிக்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் பி.வி.சி. பைப்பில் தண்ணீர் ஓடும் அமைப்பு போட்டிருக்கிறார். பார்க்க அவ்வளவு அழகு. பைப்பில் ஓடுவது மெல்லிய படலம்தான் என்பதால் மின்தடை வந்தால் வேர் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. இன்வெர்ட்டரில் மோட்டாரை இணைத்த பிறகுதான் அவரால் நிம்மதியாக வெளியூர் போக முடிகிறது.

யாழ்ப்பாணம்

எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல் நிலம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே தண்ணீரின் கதையைச் சொல்லிவிடும். கல்சியத்துக்குக் குறைவில்லை, பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) தான் ஏறி நிற்கும். செடிக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். அதற்கு மேலே போனால் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க இயலாது. புது இலை மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைக் கண்டதும் உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அள்ளிப் போடாதேயுங்கோ. முதலில் பி.எச். பாருங்கோ, மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடையில் அதைப் பார்க்கும் சொட்டு மருந்து இருக்கும்.

தேசிக்காய் (எலுமிச்சை) சாறு விட்டால் இறங்கும், ஆனால் ஓரிரு நாளில் பழையபடி ஏறிவிடும். பொஸ்பரிக் அமிலம் நிலைத்து நிற்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் அமிலத்தைத்தான் விட வேண்டும், அமிலத்துக்குள் தண்ணீரை அல்ல. பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கோ.

இங்கே உரத்துக்கு, ஹைட்ரோபோனிக்ஸுக்கென்றே விற்கும் அல்பேர்ட் கலவைதான், பெட்டி ரெஜிபோம் (தெர்மகோல்). கங்குங் (வள்ளல் கீரை) அதில் அமோகமாக வருகிறது, வெட்ட வெட்டத் தழைக்கிறது. இந்த மாரிக்கு மழைநீர் பிடித்து, கிணற்றுத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து பார்க்கப் போகிறேன். அப்படிக் கலப்பவர்கள் யாராவது இருந்தால், அமிலத்தின் அளவை எவ்வளவு குறைத்தீர்கள் என்று சொல்லுங்கோ.