தி சோஷியல் நெட்வொர்க்: கோட் சரி, கதை?

மறுபக்கம்:
ஃபேஸ்புக் பிறந்த கதை தெரியணும்னா 2010ல வந்த 'தி சோஷியல் நெட்வொர்க்' பாருங்கன்னு இன்னமும் சிபாரிசு பண்றாங்க. ஹார்வர்டு மாணவர் மார்க் ஸக்கர்பர்க், காதலி விட்டுட்டுப் போன கடுப்புல, ரெண்டு மாணவர் ஃபோட்டோவைப் பக்கத்துல வச்சு யார் அழகுன்னு ஓட்டுக் கேக்கற ஃபேஸ்மாஷ் தளத்தைச் செய்யறார், அதுலேர்ந்து ஃபேஸ்புக்குனு போகுது படம். அந்தக் காதலி எரிகா ஆல்பிரைட் கற்பனைப் பாத்திரம். மார்க் 2003லயே, பின்னாடி மனைவியான பிரிசில்லா சானோட பழக ஆரம்பிச்சாச்சு, படத்துல அவங்க நிழல்கூட இல்லை. கடைசியில எரிகாவுக்கு நட்பு அழைப்பு அனுப்பிட்டு ரெஃப்ரெஷ் தட்டிட்டே இருக்கறது சுத்தப் புளுகு.

பெர்ல்பித்தன்:
கடைசிக் காட்சி புளுகுதான், ஒத்துக்கறேன். ஆனா ஃபேஸ்மாஷ் ராத்திரி அப்படி இல்லை. 2003 அக்டோபர் 28 ராத்திரி மார்க் எழுதின இணையக் குறிப்பே ஒரு பெண்ணைத் திட்டித்தான் தொடங்குது. திரைக்கதை எழுதின சார்கின் பேரை மாத்தினார், கோபத்தை இல்லை.

ஃபேஸ்மாஷுக்காக விடுதித் தளங்கள்லேர்ந்து மாணவர் ஃபோட்டோக்களைத் திருடினதும் குறிப்புல இருக்கறபடிதான். கர்க்லாண்ட் விடுதியோட அப்பாச்சி வெப் சர்வர்ல இண்டெக்ஸ், அதாவது கோப்புப் பட்டியல், திறந்து கிடந்தது, டபிள்யூகெட்ங்கற டவுன்லோட் கருவியை ஓட்டினா மொத்த ஃபோட்டோவும் வந்துடும். எலியட்ல இண்டெக்ஸ் இல்லை, ஆனா வெறும் தேடல் கொடுத்தா எல்லாப் படமும் ஒரே பக்கத்துல கொட்டும். ஆடம்ஸ்ல பக்கத்துக்கு 20 தான், அதுக்கு ஸ்கிரிப்ட் வேணும். லெவரெட்ல ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம், அதனால ஈமாக்ஸ் எடிட்டரைத் திறந்து பெர்ல் மொழியில எழுதின ஸ்கிரிப்டைத் திருத்தணும். டன்ஸ்டர்ல 20க்கு மேல பொருந்தினா ஒண்ணுமே காட்டாது, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டார். ஹாலிவுட் ஹேக்கிங்னா திரையில பச்சை எழுத்து ஓடும். இங்க அலுப்பான வேலையை அலுப்பான வேலையாவே காட்டினாங்க.

மறுபக்கம்:
அப்ப படத்துல ஃபேஸ்மாஷ் தரவரிசைக்காக ஜன்னல்ல எழுதற சூத்திரம்? மார்க்கோட நண்பர் எட்வர்டோ எழுதறது, செஸ் வீரர்களைத் தரவரிசைப்படுத்தற எலோ முறையில பாதிதான்: புள்ளி வித்தியாசத்தை 400ஆல வகுத்து 10க்கு அடுக்காக்கி வர்ற எதிர்பார்ப்பு. 400 புள்ளி முன்னாடி இருக்கறவர் ஜெயிக்க வாய்ப்பு 0.91. ஓட்டு விழுந்த பிறகு புள்ளியைத் திருத்தற வரி இல்லாம தரவரிசையே வராது. அந்தத் திருத்தத்துக்கு வழக்கமான பெருக்கெண் 32னு வச்சா, எதிர்பார்த்தவர் ஜெயிச்சா ஏறறது 3 புள்ளிகூட இல்லை. தோத்தா 29 போயிடும்.

அப்புறம் அந்த 22,000. படத்துல ரெண்டே மணி நேரத்துல 22,000 ஹிட், ஹார்வர்டு நெட்வொர்க்கே படுத்துடுது. நிஜத்துல அது 450 பேர் போட்ட ஓட்டு, ஆளுக்குச் சராசரி 49. அதுவும் ஒரே ராத்திரியில இல்லை, நவம்பர் தொடக்க ஞாயிறு ராத்திரி வரைக்கும் சேர்ந்தது.

பெர்ல்பித்தன்:
22,000 விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி. சூத்திரத்துல இல்லை. ஜன்னல்ல முழு அல்காரிதத்தையும் எழுதிட்டிருந்தா தியேட்டர்ல பாப்கார்ன் வாங்கப் போயிடுவாங்க.

பங்குக்கணக்கு:
ரெண்டு பேருமே பெரிய ஓட்டையைத் தொடலை. ஃபேஸ்புக் கம்பெனியில எட்வர்டோ பங்கு 34.4 சதவீதத்துலேர்ந்து 0.03க்கு விழுதுன்னு படம் சொல்லுது. புதுப் பங்கு வெளியிட்டுத்தான் இதைச் செய்ய முடியும், அவர் கையில இருக்கறதை யாரும் பிடுங்கறதில்லை. 100 பங்குல 34.4 உங்களுதுன்னா, அது 0.03 ஆக மொத்தம் சுமார் 1,14,667 பங்கு இருக்கணும். எந்த முதலீட்டாளரோட வக்கீலும் இப்படி ஒரு தாளைத் தொடமாட்டார், நேரா கோர்ட்ல போய் நிக்கும்.

நிஜத்துல 10 சதவீதத்துக்குக் கீழேதான் இறங்கினார். அதுக்கு 100 பங்குக்கு மேல இன்னொரு 250 வெளியிட்டு, அவரைத் தவிர மத்தவங்களுக்குப் பிரிச்சாலே போதும், 34.4 கீழ்நோக்கி 9.8 ஆயிடும். முதல்ல ஃபுளோரிடாவுல பதிவான கம்பெனிக்குப் பதிலா 2004ல டெலவேர்ல புதுசா ஒண்ணு தொடங்கினாங்க. எட்வர்டோ கையெழுத்துப் போட்டது அந்த மாற்றத்துக்கு. தன் பங்கு நீர்த்துப் போகாம காக்கற ஒரு ஷரத்தைக் கேட்டு வாங்காததுதான் தப்பு, படத்துல அது பத்தி ஒரு வசனம்கூட இல்லை.

மறுபக்கம்:
0.03னு போட்டாத்தான் படத்துல எட்வர்டோ கோபத்துல மார்க்கோட லேப்டாப்பை உடைக்க முடியும். 9.8க்கு யார் உடைப்பாங்க?

பங்குக்கணக்கு:
இன்னைய ஃபேஸ்புக் விலைக்கு 34.4லேர்ந்து 9.8க்கு இறங்கினவர் ரெண்டு லேப்டாப் உடைக்கலாம்.