எங்கள் தோப்பில் கிடை போட்ட கீதாரி அண்ணனும் அக்காவும்

ஊர் ஊராகப் போய் வாழ்கிற தம்பதி என்றால் எனக்கு இந்த இரண்டு பேர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். ரொம்ப நாளாக எழுத நினைத்தது, கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம், கொஞ்சம் நெல், கொஞ்சம் தென்னை. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காலியானதும் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள், அதாவது ஊர் ஊராகப் போய் ஆடு மேய்க்கிறவர்கள், ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பகலில் அறுத்த தாளை ஆடு மேயும், ராத்திரி வயலில் வலை கட்டி அடைப்பார்கள், அதுதான் கிடை, மறுநாள் அந்த வலையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டுவார்கள். இப்படியே வயல் முழுக்கப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்துவிடும். ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். கிடைக்கூலியில் பாதியை நெல்லாகவே கொடுப்பார்.

நான் சொல்கிற அண்ணனும் அக்காவும் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதிருந்தே எங்கள் வயலுக்கு வருகிறவர்கள். ஒரு பெண் குழந்தை, அது ஊரில் பாட்டியோடு இருந்து படித்தது. அண்ணன் காலையில் தொரட்டியும் தூக்குவாளியுமாக ஆட்டோடு கிளம்பினால் சாயங்காலம்தான் வருவார். பார்க்கிறவர்களுக்கு அவர் மேய்க்கிறார், அக்கா சோறாக்குகிறார் என்றுதான் தோன்றும். ஆனால் பிறந்த குட்டிகள் எல்லாம் அக்கா பொறுப்பு. அவற்றைக் கூட்டில் அடைத்து, குழை ஒடித்துப் போட்டு, தாய் வந்ததும் எந்தக் குட்டி எந்த ஆட்டுடையது என்று பார்த்துப் பால் குடிக்க விடுவது, குட்டியைச் சேர்க்காத ஆட்டைப் பிடித்து நிறுத்தி ஊட்டவைப்பது, ராத்திரி நரிக்கும் நாய்க்கும் காவல், இதெல்லாம் அவர்தான். சுவர் கிடையாது, கதவு கிடையாது. சண்டை போட்டால்கூட ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும் என்று அடக்கிக்கொள்கிற வாழ்க்கை அது. இதை அக்காவே ஒருநாள் என் அம்மாவிடம் சொன்னார்.

மழைக்காலத்தில் வயலில் சம்பா நிற்கும், ஆட்டுக்கு இடம் இருக்காது. அப்போது மேட்டு நிலம், தென்னந்தோப்பு, முந்திரிக்காடு தேடிப் பட்டுக்கோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் போவார்கள். 2018 நவம்பரில் எங்கள் தோப்பை ஒட்டியிருந்த தரிசில் தங்கியிருந்தார்கள். 15ஆம் தேதி சாயங்காலம், புயல் ராத்திரி கரையைக் கடக்கும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்பா போய், தரிசில் வேண்டாம், தோப்புக்குள் கட்டுங்கள், மரம் காற்றைத் தடுக்கும் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா உடனே, "வேணாங்கய்யா, ரோட்டு மேட்டுக்கு ஏத்திடுறோம்" என்றார். அண்ணன் அக்காவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், சரிங்கய்யா என்று தோப்புக்குள் ஓட்டிவிட்டார். இடம் கொடுத்தவர் சொல்லைத் தட்ட முடியாது இல்லையா.

கஜா புயல் வந்த அந்த ராத்திரியை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்து பார்த்தால் தோப்பில் பாதி மரம் கிடையாது. ஆடுகள் ஒன்றோடு ஒன்று ஒண்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே மரம் விழுந்திருந்தது. அக்கா கூட்டின் மேல் படுதாவைப் போட்டு, அது பறக்காமல் இருக்கத் தானே மேலே படுத்துக்கிடந்திருக்கிறார், முதுகெல்லாம் மட்டை அடித்த கன்றல். அவர் காத்த குட்டிகள் பிழைத்தன, பலதுக்குத் தாய் இல்லை. 140 உருப்படியில் அன்றைக்கே நாற்பதுக்கு மேல் போனது, அடுத்த பத்து நாளில் ஈரத்திலும் சளியிலும் இன்னும் பதினைந்து. ஆட்டுக்கு 3,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. ஆனால் இவர்களுடைய ரேஷன் கார்டு வேறு மாவட்டம். அண்ணன் நாலு தடவை அலைந்தார், எதுவும் கைக்கு வரவில்லை.

செத்ததில் பாதி அவர்களுடைய ஆடே இல்லை. வாரத்துக்கு, அதாவது பங்குக்குப் பிடித்து மேய்த்தவை, சொந்தக்காரர்கள் ஆடுகள். அக்காவின் அண்ணனுடையதும் அதில் இருந்தது. ஊரிலிருந்து போன் மேல் போன். அக்கா தோட்டைக் கழற்றிக் கொடுத்தார், அதை நான் பார்த்தேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் கழற்றினார். அதற்கப்புறம் அண்ணன் செய்த காரியத்தைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை. கல்யாணத்தில் அக்காவுக்குத் தாய் வீட்டில் கொடுத்த ஆடுகளின் வழியில் பெருகிய உருப்படிகள் தனிக் காதுக்குறியோடு இருக்கும். மிஞ்சியிருந்த அந்தப் பதினெட்டையும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வியாபாரிக்கு ஏற்றிவிட்டு, கடனில் ஒரு பங்கை அடைத்துவிட்டார். அக்கா குளத்தில் துணி துவைத்துவிட்டு வருவதற்குள் வண்டி போய்விட்டது.

சத்தம் போடவில்லை. "அன்னைக்கும் எங்கிட்ட கேக்கல, இன்னைக்கும் கேக்கல" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் பஸ் ஏறிவிட்டார்.

2019 மாசியில் அண்ணன் ஒரு சம்பளப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. பகலில் குட்டிகளைப் பார்க்க ஆள் இல்லை, தாயோடு ஓட்டிப் போனால் வெயிலில் சுருண்டுவிடும், விட்டுப் போனால் நாய். ஒரே வாரத்தில் ஆறு குட்டி செத்தது. என் அம்மா அவரிடம் நேராகவே, போய்க் கூப்பிடுங்கள் என்றார். போனேன், அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றார். அப்பா மட்டும் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார். தோப்புக்குள் கட்டச் சொன்னது தான்தானே என்பது அவருக்குள் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் நான் சென்னையிலிருந்து ஊருக்கு வந்தபோது, வயலில் கூட்டுக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் அந்த வருஷம் பிறந்ததில் நல்ல பெட்டைக்குட்டிகளாகப் பன்னிரண்டு பிரித்து, அக்காவுடைய காதுக்குறியைப் போட்டுக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். அதுதான் சமாதானமா என்று கேட்டேன். "ஆட்டுக்காக வரல தம்பி. உங்கிட்ட கேட்டிருக்கணும்னு வாயத் தொறந்து சொன்னாரு. அதச் சொல்ல அவருக்கு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு" என்றார்.

அப்புறம் ஊரடங்கு. சந்தை மூடியாச்சு, வியாபாரி வரவில்லை, கையில் காசு இல்லை. வெளியூர்க்காரர்கள் என்று தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கக்கூட விடாமல் சிலர் தடுத்தார்கள், நாங்கள் எங்கள் போர்செட்டைத் திறந்துவிட்டோம். ஊரில் மகளுக்குக் காய்ச்சல் என்று போன் வந்த ராத்திரி இரண்டு பேரும் தூங்கவே இல்லை, பத்து நாள் நடையில் இருக்கிற ஊருக்கு எப்படிப் போவது? நல்லவேளை, சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் பழைய பேச்சை யாரும் எடுத்து நான் கேட்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எத்தனை சினை, எது எப்போது ஈனும் என்று இரண்டு பேரும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் களம் வரைக்கும் கேட்கும்.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள், குறுவைக்கு வயலைக் காலி செய்தாக வேண்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது, காற்றும் எழுந்தது. அப்பா வரப்பில் நின்றிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் வலைக்குச்சிகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று, "இந்தா புள்ள, எங்க கட்டலாம்?" என்றார். அக்கா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், ரோட்டு மேட்டைக் காட்டினார். அண்ணன் ஆட்டைத் திருப்பினார். அப்பா வரப்பிலிருந்து இறங்கிப் போய்க் குட்டிக்கூட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.