எஞ்சின் ஒயில் சூட்டக் குறைக்கவெண்டு ஒயில் பில்டரில பூட்டுற அலுமினிய ஃபின்: பாவிச்ச ஆக்கள் சொல்லுங்க

கொட்டாஞ்சேனை வான்காரன்:
பஞ்சிகாவத்தையில விக்கிறானே, ஜுபிலி கிளிப் (ஸ்க்ரூ திருகி இறுக்கிற தகட்டுப் பட்டி) போட்டு இறுக்கிற ஃபின் வளையம், அதுதான். என்ட டீசல் வானுக்குப் பூட்டி, பின்னேர ட்ராஃபிக்ல பேஸ்லைன் வீதியால வந்து நிப்பாட்டினதும் பூட்டித் தந்த பாஸ் சூடு பாக்கிற லேசர் துப்பாக்கியால அடிச்சார். ஃபின்ல 58, பில்டர்ட கறுப்பு அடியில 94. "பாத்தீங்களா, 36 டிகிரி குறைஞ்சிட்டு!" எண்டு ஒரு சிரிப்பு. காசக் குடுத்திட்டு வந்திட்டன், ஆனா மனசு ஒப்பேல்ல.

தெமட்டகொடை:
அண்ணை, பளபளக்கிற அலுமினியத்தில அந்தத் துப்பாக்கி சரியாக் காட்டாது. சுத்தியிருக்கிற சாமான்ட சூடுதான் அதில பட்டுத் தெறிக்கும். ஃபின்ல கறுப்பு டேப் துண்டொண்டு ஒட்டி, அதில அடிங்க. என்ட கார்ல வெறும் ஃபின் 50 சொச்சம், டேப்பில 80க்கு மேல. அதோட, ஃபின் உண்மையிலயே ஆறிக் கிடந்தா அது நல்லதில்ல, பில்டர் டின்னில இருந்து சூடு அதுக்கு வரவேயில்ல எண்டு அர்த்தம். பெயின்ட், இடையில காத்து, எப்பிடி வரும்?

வெள்ளவத்தை:
சும்மா ஒரேயடியா மட்டம் தட்டாதீங்க. எனக்கு ஒயில் சூடு காட்டுற மீட்டரே இருக்கு. கடுகண்ணாவ ஏத்தத்தில முந்தி 112, பூட்டினாப் பிறகு 108. பம்பலப்பிட்டி சந்தியில நிண்டா மட்டும் ஊசி அசையாது.

தெமட்டகொடை:
அண்டைக்கு மழையா, வெயிலா? வண்டியில எத்தினை பேர்? 4 டிகிரி அதிலயே போயிடும். காத்து ஓடாட்டி ஃபின்னால பிரயோசனமில்ல, ரேடியேட்டர் ஃபேன் தள்ளுறதும் சூட்டுக் காத்துத்தான். 110 எல்லாம் ஒயிலுக்கு ஒரு சூடே இல்ல. சும்மா குளிராக்கினா அதில சேர்ற தண்ணி ஆவியாப் போகாது. 130 தாண்டுதெண்டா தெர்மோஸ்டாட் (ஒயில் சூடானாப் பிறகு மட்டும் கூலருக்கு விடுற வால்வ்) உள்ள ஒயில் கூலர் போடுங்க. அதுக்கு முதல் ஒயில் லெவலப் பாருங்க, ரேடியேட்டர்ல அடைஞ்ச சேத்தக் கழுவுங்க, ஃபேன் கிளச் பிடிக்குதா பாருங்க, புத்தகத்தில சொன்ன கிரேட் ஒயில் விடுங்க. கிளிப்ப மிச்சமா இறுக்காதீங்க, டின் மெல்லிசு.

வெள்ளவத்தை:
நான் உங்களிட்ட கேட்டனானா தம்பி?

மட்டக்குளி:
எனக்கு நடந்தது வேற. ஆட்டத்தில கிளிப் தளர்ந்து வளையம் கீழ இறங்கி, ஒயில் பிரஷர் சுவிட்ச் வயர உரசிட்டு. ஆமர் வீதிச் சந்தியில டாஷ்போர்ட்ல ஒயில் சிவப்பு லைட் பத்தினதும் எஞ்சின நிப்பாட்டிட்டு, பின்னால ஹோர்ன் அடிக்க அடிக்க பொனட்டத் திறந்தன். வயர்ட ரப்பர் உரிஞ்சு செம்பு தெரியுது, அது இரும்பில முட்டித்தான் லைட் பத்தியிருக்கு. ஒயில் சரியா இருந்திச்சு.